ஏர் ஷாக்கா, காயில் ஸ்பிரிங்கா? பழைய ஸ்னோமொபைல் வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



"இதுல முன்னாடி ரெண்டும் ஏர் ஷாக் தம்பி, அதான் விலை 600 டாலர் கூட." இந்த ஒரு வரியை நம்பி நான் வாங்கின முதல் ஸ்னோமொபைல், அந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள இன்னொரு 780 டாலரை என்கிட்ட இருந்து வாங்கிடுச்சு. அந்த 780-ஐயும் கிரெடிட் கார்டுல போட்டு, 19.99 சதவீத வட்டியோட அஞ்சு மாசமா கட்டினேன். வட்டி மட்டும் 40 டாலர் பக்கம் வந்தது.

இதுல ஷாக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. முக்கியமான தப்பு என்னோடது. எந்தப் பொருளுக்கு எதுக்காகக் கூடப் பணம் குடுக்கிறோம்னு தெரியாமலே குடுத்தேன். கனடாவுக்கு வந்து, படிச்சு முடிச்சு, சட்பரி, டிம்மின்ஸ், நார்த் பே பக்கம் வேலைக்குச் சேர்ந்திருக்கிற நம்ம பசங்க நிறைய பேர் இப்போ இதே கேள்வியைக் கேக்கறாங்க: "அண்ணா, செகண்ட் ஹேண்ட் ஸ்லெட் பார்த்திருக்கேன். ஏர் ஷாக் இருக்கிறதை எடுக்கவா, சாதா ஸ்பிரிங் போதுமா?" வீடியோல 12 நிமிஷத்துல சொன்னதை இங்க கணக்கோட விரிவா எழுதறேன். இது ஸ்பான்சர் பதிவு கிடையாது. எந்தக் கம்பெனியும் எனக்கு ஷாக் அனுப்பல!

முதல்ல ஒரு சின்ன கேள்வி: இது ஆடம்பரமா?

டொராண்டோல இருக்கிறவங்களுக்கு ஸ்னோமொபைல்னா பணக்கார விளையாட்டு மாதிரி தெரியும். வடக்கு ஒன்டாரியோவுல ஒரு குளிர்காலம் இருந்து பாருங்க, வேற மாதிரி தெரியும். அஞ்சு மாசம் பனி. ஒன்டாரியோவுல கிளப்புகள் சேர்ந்து பராமரிக்கிற பனிப்பாதை மட்டும் கிட்டத்தட்ட 30,000 கிலோமீட்டர் இருக்கு.

இந்த வண்டி பிறந்த கதையே விளையாட்டுல ஆரம்பிக்கல. கியூபெக்ல வல்கூர்ங்கிற ஊர்ல ஜோசஃப் அர்மான்ட் பொம்பார்டியேன்னு ஒரு மெக்கானிக். 1934 குளிர்காலத்துல அவரோட ரெண்டு வயசு மகனுக்கு குடல்வால் அழற்சி. சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியல. குழந்தை இறந்துடுச்சு. பனி மேல ஓடுற வண்டிக்காக அவர் அதுக்கு முன்னாடியே முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருந்தார். 1937-ல அவரோட டிராக் அமைப்புக்கு காப்புரிமை கிடைச்சது. 1959-ல ஒருத்தர் ரெண்டு பேர் ஓட்டுற சின்ன வண்டியான ஸ்கி-டூ வந்தது. அதனால இதை வாங்க ஆசைப்படுறது தப்பே இல்லை. ஆனா புது வண்டி இன்னிக்கு 15,000 டாலரைச் சர்வ சாதாரணமா தாண்டுது. சம்பளக்காரங்க பெரும்பாலும் பழைய வண்டிதான் வாங்குவோம். அங்கதான் ஷாக் பிரச்சினை ஆரம்பிக்குது.

ஷாக்குக்குள்ள ரெண்டு வேலை நடக்குது

ஷாக் அப்சார்பர்னு நாம ஒரே பேர்ல சொல்ற சாமானுக்குள்ள ரெண்டு தனித்தனி வேலை இருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி ஏமாற்றத்துல இருந்து தப்பிச்சிடலாம்.

முதல் வேலை, எடையைத் தாங்குறது. குழியில இறங்கினா அமுங்கி, திரும்ப மேலே தள்ளணும். இதைச் செய்யறது ஸ்பிரிங். அது இரும்புச் சுருளாவும் இருக்கலாம், அடைச்சு வச்ச காத்தாவும் இருக்கலாம்.

ரெண்டாவது வேலை, அந்த ஆட்டத்தை அடக்குறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தா வண்டி பந்து மாதிரி குதிச்சுக்கிட்டே இருக்கும். உள்ள இருக்கிற எண்ணெய், சின்ன ஓட்டைகள் வழியா சிரமப்பட்டுப் போகும்போது அந்த வேகம் சூடா மாறி அடங்குது. இதுக்கு டேம்பர்னு பேரு.

ஏர் ஷாக்கா காயிலாங்கிற கேள்வி முதல் வேலையைப் பத்தினது மட்டும்தான். டேம்பர் ரெண்டுலயும் இருக்கு. எண்ணெயும் இருக்கு, சீலும் இருக்கு. "காயில் ஷாக்னா சர்வீஸே வேண்டாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அவர் சொல்றது ஸ்பிரிங்குக்கு மட்டும் சரி. உள்ள இருக்கிற எண்ணெய் பழசாகும், சக்தி குறையும். ரெண்டு வகைக்கும் இது பொதுச் செலவு.

இன்னொரு விஷயம். ஒரு வண்டியில வழக்கமா நாலு ஷாக் இருக்கும். முன்னாடி ஸ்கீக்கு ஒண்ணா ரெண்டு. பின்னாடி டிராக்குக்கு உள்ளே ரெண்டு. பாதையில ஓட்டுற நிறைய வண்டிகள்ல பின்பக்க எடையைத் தாங்குறது ஷாக் மேல இருக்கிற சுருள் இல்லை, பக்கவாட்டுல முறுக்கி வச்ச டார்ஷன் ஸ்பிரிங். அதனால விளம்பரத்துல "ஏர் ஷாக்"னு போட்டிருந்தா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி: நாலுமா, முன்னாடி ரெண்டு மட்டுமா? என் வண்டியில முன்னாடி ரெண்டு மட்டும்தான். நான் கேக்கவே இல்லை.

காயில்: சொன்ன பேச்சு கேக்கும்

பால்பாயின்ட் பேனாவுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கை அமுக்கிப் பாருங்க. முதல் அரை இஞ்சுக்கு எவ்வளவு பலம் வேணுமோ, அடுத்த அரை இஞ்சுக்கு அதே அளவு பலம் கூடுது. கணக்கு நேர்கோட்டுல போகுது. வெயில்லயும் அப்படித்தான், மைனஸ் 30-லயும் அப்படித்தான். நடைமுறையில வித்தியாசமே தெரியாது.

இதோட நல்ல குணம் சின்ன அதிர்வுகள்ல தெரியும். பாதையில வரிசையா சலவைக்கல் மாதிரி மேடு பள்ளம் வரும் பாருங்க, அங்க காயில் மெத்துன்னு போகும். காரணம், காத்தை அடைச்சு வைக்கத் தேவையான இறுக்கமான சீல் இதுல கிடையாது. உரசல் குறைவு, அதனால லேசான தட்டுக்கும் உடனே அசையும்.

கெட்ட குணம் ரெண்டு. ஒண்ணு எடை, இரும்பு இரும்புதான். டைட்டானியம் ஸ்பிரிங் இருக்கு, ஆனா அந்த விலைக்கு நம்ம பட்ஜெட் வராது. ரெண்டாவது, உங்க எடைக்கு அந்த ஸ்பிரிங் பொருந்தலைன்னா வேற ஸ்பிரிங் வாங்கித்தான் மாத்தணும். மேல இருக்கிற வளையத்தைத் திருகினா ஸ்பிரிங் கெட்டியாகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆகாது. அது பிரீலோட். வண்டி நிக்கிற உயரத்தை மாத்தும், ஸ்பிரிங்கோட குணத்தை மாத்தாது. 60 கிலோ ஆளுக்குப் போட்ட ஸ்பிரிங்ல 100 கிலோ ஆள் உக்காந்து வளையத்தை முழுசாத் திருகி வச்சாலும் அது 60 கிலோ ஆளோட ஸ்பிரிங்தான்.

ஏர்: பம்பு இருந்தா ராஜா

ஊசி இல்லாத சிரிஞ்சு ஒண்ணை எடுத்து, முனையை விரலால அடைச்சுக்கிட்டு அமுக்கிப் பாருங்க. ஆரம்பத்துல லேசா உள்ளே போகும். போகப் போக கெட்டியாகும். கடைசியில எவ்வளவு அமுக்கினாலும் நகராது. ஏர் ஷாக் இதேதான். ஃபாக்ஸ் கம்பெனியோட ஃப்ளோட் வரிசை இதுல பிரபலம்.

கடைசியில கெட்டியாகுற அந்தக் குணம்தான் இதோட பலம். உயரமா குதிச்சு இறங்கினாலும் "டங்"னு அடிமட்டத்துல இடிக்கிறது குறையும். இரும்புச் சுருள் இல்லாததால முன்பக்கம் சில கிலோ குறையும். ஆழமான பனியில வண்டியைச் சாய்ச்சு ஓட்டுறவங்களுக்கு, பிரிட்டிஷ் கொலம்பியா மலைப்பக்கம் ஓட்டுறவங்களுக்கு, அந்தக் கிலோ பெரிய விஷயம்.

எல்லாத்துக்கும் மேல, உங்க எடைக்கு ஏத்த மாதிரி மாத்த காசே வேண்டாம். கையால அடிக்கிற ஷாக் பம்பு ஒண்ணு போதும். அஞ்சு நிமிஷ வேலை.

ஆனா பெட்ரோல் பங்க் கம்ப்ரஸர்ல மட்டும் அடிச்சிடாதீங்க. ஷாக்குக்குள்ள காத்து இருக்கிற இடம் ரொம்பச் சின்னது. கம்ப்ரஸர் ஒரே வினாடியில எல்லை தாண்டிடும், கூடவே ஈரத்தையும் உள்ளே அனுப்பும். ஷாக்குக்குன்னே இருக்கிற கைப் பம்புதான் சரி. ஸ்கீ தரையில படாத மாதிரி முன்பக்கத்தைத் தூக்கி வச்சு, ஷாக் முழுசா நீண்டிருக்கும்போது அடிக்கணும். பம்பைக் கழட்டும்போது "புஸ்"னு சத்தம் வந்தா பயப்படாதீங்க, அது குழாய்க்குள்ள இருந்த காத்து.

குளிர் பண்ற வேலை: என்னை ஏமாத்தின கணக்கு

இப்போ என் கதைக்கு வரேன்.

நண்பன் வீட்டுல ஹீட்டர் போட்ட கராஜ். உள்ளே 20 டிகிரி. அங்க வச்சு ரெண்டு முன் ஷாக்லயும் 60 பிஎஸ்ஐ அடிச்சேன். மறுநாள் காலையில ஏரிப் பக்கம் போனோம், வெளியில மைனஸ் 20. முதல் பெரிய மேட்டுலயே முன்பக்கம் இடிச்சுது. ரெண்டாவதுலயும் இடிச்சுது. கை மணிக்கட்டு வரைக்கும் வலி. "காத்து இறங்குது மச்சி, ஏமாத்திட்டான்"னு நண்பன்கிட்டப் புலம்பினேன். சாயங்காலம் கராஜுக்குத் திரும்பி வந்து, ரெண்டு மணி நேரம் கழிச்சு அளந்தா மறுபடியும் 60! எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

பிளஸ் ஒன் இயற்பியல்ல படிச்சதுதான். அடைச்சு வச்ச காத்து குளிர்ந்தா அழுத்தம் குறையும். கணக்கைப் பாருங்க:

• பம்பு காட்டுற 60, வெளிக்காத்தோட அழுத்தத்தை விட எவ்வளவு கூடங்கிறதுதான். வெளிக்காத்து 14.7. மொத்தம் 74.7.
• 20 டிகிரிங்கிறது கெல்வின்ல 293. மைனஸ் 20 டிகிரிங்கிறது 253.
• 74.7-ஐ 253-ஆல பெருக்கி 293-ஆல வகுத்தா 64.5.
• அதுல 14.7-ஐக் கழிச்சா 49.8.

அதாவது 60 அடிச்ச ஷாக், வெளியில போனதும் 50. ஒரு துளி காத்து கூட வெளியேறல, ஆனா பத்து பிஎஸ்ஐ காணோம். திரும்ப கராஜுக்கு வந்து சூடானதும் பழைய 60 வந்துடுது. ஓட்ட ஓட்ட டேம்பர் சூடாகும்போதும் இந்த எண் கொஞ்சம் ஏறும். அதனால ஏர் ஷாக்கை எப்பவும் ஓட்டுற குளிர்லயே, வண்டி வெளியில நின்னு குளிர்ந்த பிறகு செட் பண்ணணும். காயில் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

இது தெரிஞ்சதும் "ஆஹா, ஷாக்ல குறையே இல்லை"னு முடிவு பண்ணி அடுத்த நாலு வாரம் ஓட்டினேன். அது அடுத்த தப்பு. பிப்ரவரியில ஒரு நாள் வண்டி இடப்பக்கம் சாய்ஞ்சு நிக்குது. கராஜ் சூட்டுலயே அளந்தா வலது 60, இடது 41. இந்தத் தடவை உண்மையிலேயே கசிவு. மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துட்டு தண்டுல இருந்த கீறல்களைக் காட்டினார். அந்தக் கீறல்தான் சீலைத் தின்னுருக்கு. கீறல் எப்படி வந்ததுன்னு கேட்டேன். திறந்த டிரெய்லர்ல வண்டியை இழுத்துட்டுப் போகும்போது நெடுஞ்சாலையில தூவுற உப்பு கலந்த சேறு மேல அடிக்கும். அதைக் கழுவாம விட்டா தண்டு அரிக்கும், சொரசொரப்பாகும்னார். முந்தின ஓனர் டொராண்டோ பக்கம். ஒவ்வொரு வார இறுதியும் 400-லயும் 69-லயும் இழுத்துட்டு வந்திருக்கார். அதையும் நான் கேக்கல.

முன்னாடி ரெண்டுக்கும் சீல், ஒரு தண்டு, நாலு ஷாக்குக்கும் எண்ணெய், கூலி, வரி எல்லாம் சேர்த்து 780 டாலர்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம்

கீழ இருக்கிற எண்கள் ஒரு உதாரணம்தான். உங்க ஊர்க் கடையில விலை கேட்டு மாத்திப் போட்டுக்கோங்க. முறைதான் முக்கியம். ஒரே வருஷ மாடல், ஒரே இன்ஜின், ஒரே கிலோமீட்டர்ல ரெண்டு வண்டி இருக்குன்னு வச்சுப்போம். நாலு சீசன் வச்சிருந்து விக்கப் போறீங்க.

காயில் வண்டி:
• விலை 6,000
• உங்க எடைக்கு ஸ்பிரிங் மாத்தினா, ஒரு ஜோடி 220
• மொத்தம் 6,220

ஏர் வண்டி:
• விலை 6,600
• ஷாக் பம்பு 60
• காத்து அறைக்கான சீல், சுத்தம், சீசனுக்கு 120 வீதம் நாலு சீசனுக்கு 480
• மொத்தம் 7,140

டேம்பர் எண்ணெய் மாத்துற செலவு ரெண்டுக்கும் பொது. அதனால ரெண்டு பக்கமும் விட்டுட்டேன்.

வித்தியாசம் 920 டாலர். விக்கும்போது ஏர் வண்டிக்கு 300 டாலர் கூடக் கிடைக்குதுன்னு வச்சுக்கிட்டா, மிச்சம் 620. வேலைக்குப் போற ஆளு ஒரு சீசன்ல எத்தனை நாள் ஓட்டுவீங்க? ஆசையில 25-ன்னு சொல்லுவீங்க. என் உண்மையான எண் முதல் சீசன்ல 9. பத்துன்னே வச்சுக்கலாம். நாலு சீசன்ல 40 நாள். 620-ஐ 40-ஆல வகுத்தா, ஒரு நாளைக்கு 15 டாலர் 50 சென்ட்.

இப்போ கேள்வி ரொம்ப எளிமையாயிடுச்சு. "ஏர் ஷாக் நல்லதா?"ன்னு கேக்க வேண்டாம். "ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் 15 டாலர் 50 சென்ட் கூடக் குடுக்கிற அளவுக்கு அந்த வித்தியாசம் எனக்குத் தெரியுமா?"ன்னு கேளுங்க. ஏரியைச் சுத்தி, சமன் பண்ணின பாதையில, மணிக்கு 50 கிலோமீட்டர்ல போற எனக்குத் தெரியல. உண்மையைச் சொன்னா, சின்ன மேடு பள்ளத்துல காயில்தான் எனக்குச் சுகமா இருந்தது. நான் கூடக் காசு குடுத்து எனக்குத் தேவையில்லாததை வாங்கியிருக்கேன்.

அப்போ ஏர் ஷாக் வேஸ்ட்டா? இல்லவே இல்லை

இதே கணக்கு ஒரு இடத்துல அப்படியே தலைகீழா ஆகும். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு ரூம்மேட்ஸ் சேர்ந்து ஒரே வண்டி வாங்கினாங்க. ஒருத்தன் 58 கிலோ, இன்னொருத்தன் 96 கிலோ. காயில் வண்டியா இருந்தா ரெண்டு செட் ஸ்பிரிங் வாங்கணும், ஓட்டுறவன் மாறும்போதெல்லாம் கழட்டி மாட்டணும். யாரும் செய்யப் போறதில்லை, ஒருத்தன் எப்பவும் தப்பான ஸ்பிரிங்லதான் ஓட்டுவான். ஏர் ஷாக்ல அவங்க கண்ணாடிக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. அதுல ரெண்டு பேர் பேரும் பக்கத்துல ரெண்டு எண்ணும் இருக்கு. அஞ்சு நிமிஷம் பம்பு அடிச்சா முடிஞ்சது. செலவும் ரெண்டா பிரிஞ்சுடுது, ஓட்டுற நாளும் கூடிடுது. அவங்களுக்கு ஏர்தான் லாபம்.

சுருக்கமா இப்படி எடுத்துக்கோங்க.

காயில் போதும், நீங்க:
• தனியா, எப்பவும் ஒரே எடையில ஓட்டுறவரா இருந்தா
• சமன் பண்ணின பாதையிலதான் பெரும்பாலும் போவீங்கன்னா
• பம்பு, பிரஷர்னு மெனக்கெட விருப்பம் இல்லைன்னா
• பக்கத்துல சர்வீஸ் கடை இல்லாத ஊர்ல இருந்தா

ஏர் யோசிக்கலாம், நீங்க:
• வண்டியை வேற வேற எடை ஆளுங்களோட பகிர்ந்து ஓட்டினா
• குதிக்கிறது, ஆழப் பனி, மலைச்சரிவுன்னு ஓட்டினா
• வழக்கமான ஸ்பிரிங் பொருந்தாத அளவுக்கு ரொம்ப லேசா, இல்லை ரொம்ப கனமா இருந்தா
• ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கிற பொறுமை இருந்தா

முன்னாடி ஏர், பின்னாடி காயில்னு கலந்து வர்ற வண்டிகளும் நிறைய உண்டு. அது தரக்குறைவு கிடையாது. அந்தந்த இடத்துக்கு எது பொருந்துமோ அதைப் போட்டிருக்காங்க.

பார்க்கப் போகும்போது கையோட செய்ய வேண்டியவை

1. வண்டி ஹீட்டர் போட்ட கராஜ்ல நின்னா, முந்தின நாள் ராத்திரியே வெளியில நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. காத்து அடிக்க வேண்டாம்னும் சொல்லிடுங்க. மெதுவா கசியற ஷாக்கை, நீங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பம்பு அடிச்சு மறைச்சிடலாம். வெளியில நின்னா இன்ஜினும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பார்க்கிறது ஷாக்கை விட முக்கியம்.

2. முன்னாடி நின்னு பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே உயரமா? முன் பம்பரை அமுக்கி விடுங்க. சட்டுனு துள்ளாம, அதே சமயம் ஒட்டிக்காம, நிதானமா மேலே வரணும்.

3. தண்டைத் துணியால துடைச்சு, நகத்தால மேலும் கீழும் தடவுங்க. நகம் மாட்டினா கீறலோ அரிப்போ இருக்கு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா டேம்பர் சீல் போயிடுச்சு. ஏர், காயில் ரெண்டுக்கும் இது பொருந்தும்.

4. ஏர் ஷாக்னா சொந்தப் பம்பு எடுத்துட்டுப் போங்க. பம்பைச் சொருகும்போதே கொஞ்சம் காத்து குழாய்க்குள்ள போயிடும், அதனால முதல் எண் எப்பவும் கொஞ்சம் குறைச்சுக் காட்டும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு அடிச்சு, அரை மணி நேரம் ஓட்டிட்டு, ஆறவிட்டு, திரும்ப அளந்து பாருங்க. ஒரு பக்கம் மட்டும் நல்லா இறங்கியிருந்தா விலையைப் பேசுங்க, இல்லைன்னா கிளம்புங்க.

5. காயில்னா பிரீலோட் வளையத்தைப் பாருங்க. கடைசி வரைக்கும் திருகி வச்சிருந்தா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்லை ஓனர் அந்த ஸ்பிரிங்குக்கு மிஞ்சின எடை. வளையம் துருப்பிடிச்சு இறுகிப் போயிருக்கான்னும் பாருங்க.

6. மூணு கேள்வி: கடைசியா ஷாக் சர்வீஸ் எப்போ, ரசீது இருக்கா? வண்டியை எப்படி இழுத்துட்டுப் போவீங்க, திறந்த டிரெய்லரா, மூடினதா? இந்த ஷாக்கைப் பிரிச்சு ரிப்பேர் பண்ண முடியுமா, இல்லை சீல் வச்ச வகையா? சில விலை குறைந்த ஷாக்குகளைப் பிரிக்கவே முடியாது, போனா புதுசுதான் வாங்கணும். புது ஏர் ஷாக் ஒரு ஜோடி சில சமயம் ஆயிரம் டாலரையும் தாண்டும். அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கடைசியா, என் உண்மையான தப்பு

அந்த 780 டாலர் பில் வந்தப்போ என் டிஎஃப்எஸ்ஏ கணக்குல அவசர நிதியா ரெண்டாயிரம் டாலர் இருந்தது. "இது அவசரம் இல்லையே, எதுக்கு அதைத் தொடணும்"னு கார்டைத் தேய்ச்சேன். யோசிச்சுப் பார்த்தா பாதி சரி, பாதி தப்பு. அது அவசரம் இல்லைங்கிறது சரி. ஷாக் சீல் தேயும், எண்ணெய் பழசாகும்னு வாங்குற நாளே தெரியும். தெரிஞ்சே வரப்போற செலவுக்குத் தனியா ஒரு உண்டியல் இருந்திருக்கணும். அதைத்தான் நம்ம சேனல்ல சிங்க்கிங் ஃபண்ட்னு திரும்பத் திரும்ப சொல்றேன். ஊருக்கு உபதேசம் பண்ணின நானே எனக்கு வைக்கல.

இப்போ இப்படிப் பண்றேன். பர்மிட், இன்சூரன்ஸ், எண்ணெய், ஷாக் சர்வீஸ் எல்லாத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 1,200 டாலர்னு ஒரு தோராயம். பன்னிரண்டால வகுத்து, சம்பளம் வர்ற அன்னிக்கே 100 டாலர் தனிக் கணக்குக்குப் போயிடும். ஜூலை மாசம், வெயில்ல டி-ஷர்ட் போட்டுக்கிட்டு இருக்கும்போதும் போகும். அந்த 100 டாலரை ஒதுக்க முடியலைன்னா வண்டியை வாங்க முடியாதுன்னு அர்த்தம். விலையில 600 குறைச்சுக் கிடைச்சாலும் அந்த அர்த்தம் மாறாது. இன்னும் ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்க. உண்மையில எத்தனை நாள் ஓட்டுறீங்கன்னு எண்ணிப் பாருங்க. அந்த எண்தான் மேல போட்ட கணக்குக்கே உயிர்.

அந்த ஏர் ஷாக் வண்டியை ரெண்டாவது சீசன் முடிவுல வித்துட்டேன். வாங்க வந்த பையனும் நம்ம ஊர்ப் பையன்தான், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். வண்டியை முந்தின நாள் ராத்திரியே வெளியில நிறுத்தி வச்சிருந்தேன். அவன் கேக்காமலே பம்பைக் கையில குடுத்து, "அளந்து பாருப்பா"ன்னேன். 780 டாலர் ரசீதையும் காட்டினேன். அவனும் அவன் அண்ணனும் மாத்தி மாத்தி ஓட்டப் போறாங்களாம், அண்ணன் நல்ல உயரம், நல்ல எடை. "அப்போ இது உனக்குச் சரியான வண்டி"ன்னு சொல்லி, பம்பையும் சும்மா குடுத்துட்டேன். எனக்கு இனி அது தேவையில்லை. இப்போ என்கிட்ட இருக்கிறது நாலு பக்கமும் இரும்பு ஸ்பிரிங் வண்டி.

உங்க எடை, ஒரு சீசன்ல ஓட்டுற நாள், பார்த்து வச்சிருக்கிற வண்டியோட விலை, இந்த மூணையும் கமென்ட்ல போடுங்க. அடுத்த வீடியோல அதுல ரெண்டு பேரோட கணக்கை எடுத்து வரி வரியா போட்டுப் பார்ப்போம்.